வலை விரித்தவர் யார்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் பெண் பிள்ளைகளுக்கு, கல்லூரியிற் சேர்ந்தபின் கிடைக்கும் உதவித்தொகையைப்பற்றி ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓசூரை அடுத்த அரசுப் பள்ளி. பள்ளியிலே தமிழ், வீட்டிலே தெலுங்கு என்போர் பாதிப்பேர். கன்னடம் பேசுவோர் சிலர். உருது பேசுவோர் சிலர். எல்லைப்புற ஊரின் இயல்பு அது. திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வரும் என்றதும் எல்லா முகங்களும் மலர்ந்தன. கரும்பலகையிலே திட்டத்தின் பெயரை முழுதாக எழுதினேன்: 'மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.' யார் இந்த அம்மையார், தெரியுமா என்று கேட்டேன். மௌனம்! பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெல்ல எழுந்து, "யாரோ மந்திரியோட அம்மா, டீச்சர்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே, நம் படிப்பகத்தில், பகுத்தறிவு பேசும் தோழர்கள் ஐவரிடம் அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். "இந்தி எதிர்ப்புப் போரிலே சிறை சென்ற வீராங்கனை" என்றனர் மூவர். நன்று. அவர் எழுதிய நாவலைப் படித்தவர் உண்டோ என்றேன். ஒருவரும் இலர்! திட்டத்துக்குப் பெயர் இருக்கிறது, மேடைக்குப் படம் இருக்கிறது, ஏடு மட்டும் எவர் கையிலும் இல்லை. பின்வரிசை மாணவியைவிட நாம் எந்த வகையில் உயர்ந்துவிட்டோம், தோழர்களே?

1883இல் பிறந்தவர் அம்மையார். தந்தை குடும்பத்தைவிட்டுப் போனார், வறுமை வாட்டிற்று, பெற்றவளே, பத்து ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும், ஐந்து வயதுச் சிறுமியைத் தாசி ஒருத்தியிடம் விற்றாள். இப்படித்தான் தொடங்குகிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. பொட்டுக்கட்டும் குலத்திலே வளர்ந்து, பொட்டை மறுத்து, தமக்குக் கலை கற்பித்த ஆசானையே மணந்து, காங்கிரசிலே உழைத்து, பின்னர் பெரியாரோடு சுயமரியாதைப் பாசறைக்கு வந்து, 1938இல், ஐம்பத்தைந்து வயதில், திருச்சியிலிருந்து சென்னைவரை தமிழர் படையோடு நடந்து, அவ்வாண்டே சிறைக்கொட்டடியும் கண்டு, 1949இல் அண்ணாவின் அணியிலே நின்று, 1962இல் மறைந்தவர். அவர் 1936இல் வெளியிட்ட நாவல், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. 2003இல் அதனைக் கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்கள். ஆங்கிலம் படித்த ஆராய்ச்சியாளர்கள் அதனை மேற்கோள் காட்டுகிறார்கள். அவருடைய சொந்தத் தமிழகத்திலோ, அது தேடிப் பிடிக்கவேண்டிய நூலாக இருக்கிறது.

கதை நேரானது. தாசி வீட்டுச் சகோதரியர் இருவர்; தாயிடம் பாடம் கேட்டு, பணம் படைத்தவனைப் பிடித்துப் பிழியும் வித்தையிலே தேர்ந்தவர்கள். ஜமீன் வீட்டு மைனர் ஒருவன் அவர்களிடம் சிக்குகிறான். சொத்து கரைகிறது, கட்டிய மனைவி கலங்குகிறாள். அதே குலத்திலே பிறந்து, அதனை வெறுத்து, அறிவு பெற்ற பெண்கள் மறுபுறம் எழுகிறார்கள். மைனர் மதி பெறுகிறான். பொட்டுக்கட்டு ஒழியவேண்டும் என்ற முழக்கம் எழுகிறது.

நாவல் என்ற அளவிலே இதனை அளந்தால், குறைகள் பல என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாத்திரத்தின் பெயரைக் கேட்டவுடனே அதன் குணம் தெரிந்துவிடுகிறது. இருவர் சந்தித்தால் உரையாடல் நடப்பதில்லை. சொற்பொழிவு நடக்கிறது, பக்கம் பக்கமாக. இலக்கிய நயம் தேடும் பண்டிதர் முதல் அத்தியாயத்திலேயே மூக்கைச் சுளிப்பார். சுளிக்கட்டும்! மேடையே பள்ளியாகவும் பல்கலைக்கழகமாகவும் இருந்த ஒரு பெண்மணி எழுதியது அது. அவருக்கு வாய்த்த வடிவம் அதுதான். ஆயினும், அந்த வீட்டுக்குள் பணம் எப்படி நுழைகிறது, எவருடைய கண்ணீரை நனைத்துக்கொண்டு வருகிறது, உள்ளே வந்தபின் எந்தெந்தக் கைகளுக்குப் பங்காகிறது என்பதையெல்லாம் அவர் எழுதும்போது, வெளியிலிருந்து ஒழுக்கம் போதிக்க வந்த எந்தச் சீர்திருத்தக்காரராலும் எட்டமுடியாத கூர்மை தெரிகிறது. பெற்ற தாயே மகளுக்கு வஞ்சகம் கற்பிக்கிறாள் என்று படிக்கும்போது நமக்குத் திகைப்பு ஏற்படுகிறது. அம்மையாருக்குத் திகைப்பு இல்லை. பத்து ரூபாயும் பழம் புடவையும் எதைச் செய்யவைக்கும் என்பதை அவர் அறிவார்.

எனக்கு உள்ள வழக்கு, நூலின் தலைப்போடு. தாசிகள் மோசவலை! வலை தாசிகளுடையது என்கிறது தலைப்பின் முற்பாதி. மதி பெறுபவன் மைனர் என்கிறது பிற்பாதி. வஞ்சித்தவள் பெண், வஞ்சிக்கப்பட்டுத் திருந்தியவன் ஆண். அட்டையை மட்டும் பார்ப்பவன், பாவம் அந்த மைனர் என்றுதானே இரக்கப்படுவான்?

வலையின் நூல் எங்கே நூற்கப்பட்டது என்று பார்ப்போம். கோயிலிலே பொட்டுக்கட்டிக்கொண்டு பணிசெய்த பெண்களுக்கு மானிய நிலம் உண்டு. அந்த நிலம் பணிக்காக விடப்பட்டது. ஒரு தலைமுறையிலே பொட்டுக்கட்டப் பெண் இல்லையானால் நிலம் கைநழுவும். ஆகவே வயிற்றில் பிறந்தவளோ, தத்தெடுத்தவளோ, விலைக்கு வாங்கியவளோ, எவளாவது ஒருத்தி கழுத்தை நீட்டியாக வேண்டும். கழுத்திலே ஏறுவது தெய்வத்தின் பெயரால் பொட்டு. காலிலே பூட்டுவது நிலத்தின் விலங்கு. நிலத்தைக் கொடுத்தவன் மன்னன், காத்தவன் கோயில் நிர்வாகி, நுகர்ந்தவன் மிராசுதாரன். அவர்கள் மூவரும் அட்டையிலே காணோம்! இந்த முடிச்சை அறிந்துதான், 1927இல் சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1929இல் அறநிலையச் சட்டத்திலே திருத்தம் வரச்செய்தார். பணி நின்றாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்றாக்கிய திருத்தம் அது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அக்குலத்தில் பிறந்தவரே. ஆக, இந்தப் போரிலே முன்னணியில் நின்ற இருவரும் வலையின் உட்புறத்தைக் கண்டவர்கள்.

ஆனால் உள்ளிருந்தோர் எல்லோரும் ஒரே குரலில் பேசினரோ? இல்லை. இங்கேதான் நம் மேடைப் பேச்சாளர்கள் அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் என்றொரு பெண்மணி. 1878இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டிலே பிறந்து, இசையால் பெயரும் பொருளும் ஈட்டி, திருவையாற்றிலே தியாகராசருக்குத் தம் பணத்தில் நினைவிடம் எழுப்பியவர். முத்துலட்சுமியின் முயற்சியை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களைத் திரட்டினார். எங்களை விலைமாதர் என்று முத்திரை குத்தாதீர், எங்களுக்குக் கலை உண்டு, சொத்துரிமை உண்டு என்று வாதாடினார். வைதீகத்தின் கைப்பாவை என்று ஒரு சொல்லால் அவரைத் தள்ளிவிடலாம், எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்நாளில் குடும்பப் பெண்ணுக்குச் சொத்து உண்டா? விதவைக்கு ஓரளவு உரிமை 1937இல். மகளுக்குப் பங்கு 1956இல். பிதிரார்ஜிதத்திலே மகனுக்குச் சமமான பங்கு இத்தமிழகத்தில் 1989இல்! பத்தினி என்று போற்றப்பட்டவளின் கை வெறுங்கை. தாசி என்று தூற்றப்பட்டவளோ நிலம் வைத்திருந்தாள், மகளுக்கு விட்டுச் சென்றாள், எழுதப் படிக்க அறிந்திருந்தாள். கற்புக்குக் கூலி ஏழ்மை, இழிவுக்குக் கூலி சொத்து என்று ஒரு சமுதாயம் கணக்கு வைத்திருந்தது என்றால், அந்தக் கணக்கை எழுதியவன் எத்தனை கைதேர்ந்தவனாக இருக்கவேண்டும்! நாகரத்தினம்மாள் காக்க முனைந்தது அந்தக் கணக்கிலே தம் பக்கத்து வரவை. அம்மையார் கிழிக்க முனைந்தது முழு ஏட்டையும். நான் அம்மையார் பக்கம். ஐந்து வயதுச் சிறுமியின் கழுத்தை ஈடாக வைத்துப் பெறும் உரிமை எவருக்கும் வேண்டாம். எனினும், அந்த வரவு போனபின் அப்பெண்களுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியை நாவல் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதே என் குறை.

அதே நாகரத்தினம்மாள்தான் 1910இல் 'ராதிகா சாந்தவனம்' என்னும் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதியது. பெண்ணின் ஆசையைப் பெண்ணே பாடியது. ஆபாசம் என்று கூவினர் அறிஞர்கள். 1911இல் வெள்ளை அரசு தடை போட்டது. 1947இல்தான் தடை நீங்கிற்று. கோயில் சுவரிலே ஆண் செதுக்கினால் கலை, அரசவையிலே ஆண் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் மட்டும் ஆபாசமா? நாணம் என்பது பெண்ணுக்கு மட்டுமே விதிக்கப்பட்ட வரியோ என்று அவர் அன்றே கேட்டார். சட்டப் போரிலே அம்மையாருக்கு எதிர்வரிசையில் நின்ற அந்தப் பெண், கற்பு என்றால் இருபாலார்க்கும் பொது என்று பெரியார் சொன்ன இடத்துக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார். என் வகுப்பிலே தெலுங்கு பேசும் பெண்கள் பாதிப்பேர்; முத்துப்பழனி என்ற பெயரை அவர்களும் கேட்டதில்லை.

1936ஐ மறவாதீர்கள். நாவல் வெளிவந்த அதே ஆண்டில் அடையாற்றிலே கலாட்சேத்திரம் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டே ருக்மிணி தேவி மேடையேறி ஆடிவிட்டார். தாசி ஆடியபோது சதிர். மேற்குலத்துப் பெண் ஆடியபோது பரதநாட்டியம். ஆட்டம் 'தூய்மை' பெற்றது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவளின் கால்கள் மட்டும் தூய்மை பெறவில்லை. பாலசரசுவதி போன்ற மாமேதை ஒருவர் எஞ்சி நின்று உலகை வியக்கவைத்தார் என்பது உண்மை. எஞ்சியவர் எத்தனை பேர்?

இன்னும் ஒரு வெற்றிடம். நாவல் பேசும் தாசிகள் இசை வேளாளர் குலத்தினர். அவர்களுக்கு நிலம் இருந்தது, இசை இருந்தது, மாநாடு கூட்டும் வலிமை இருந்தது. அதற்கும் கீழே? வடாற்காடு, திருவள்ளூர்ப் பகுதிகளிலே அருந்ததியர் வீட்டுச் சிறுமியரை 'மாதம்மா' என்று நேர்ந்துவிடும் வழக்கம் உண்டு. நிலமும் இல்லை, சலங்கையும் இல்லை. நோய் தீர நேர்ந்துகொண்ட நேர்ச்சை மட்டுமே. 1947இன் சட்டத்துக்குப் பின்னும், எழுபது ஆண்டு கழிந்து, 2017இல், தேசிய மனித உரிமை ஆணையம் அதற்காகத் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் அறிக்கை அனுப்ப நேர்ந்தது. அண்டையிலே கன்னட நாட்டு வடபுலத்தில், எல்லம்மாவின் பெயரால் நேர்ந்துவிடப்பட்ட சோகத்திப் பெண்களுக்காகத் தனிச் சட்டம் 1982இல் வந்தது. அவர்களிலே மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஒரே கடவுள், ஒரே பொட்டு. ஆனால் சாதிக்கு ஏற்பச் சிறையின் தரம் மாறுகிறது! மாதம்மாவுக்கு ஒரு நாவல் எழுதிய மூவலூராரை நான் இன்னும் காணவில்லை.

நம் மாவட்டத் தலைநகரை அறிவீர்கள். கிருட்டிணகிரியிலே சென்னைச் சாலையும் சேலத்துச் சாலையும் வந்து பெங்களூர்ச் சாலையோடு கூடுகின்றன. இரவு பகலாக லாரிகள். அந்தச் சந்திப்பிலே ஒருத்தி அடிபட்டுக் கிடந்தால், எந்தத் திசையிலிருந்து வந்த வண்டி இடித்தது? இரண்டும் இடித்திருக்கலாம். அமெரிக்காவிலே கிம்பர்லே கிரென்ஷா என்ற கருப்பினச் சட்டப் பேராசிரியை, 1989இல், பெண்களின் துன்பத்தை விளக்க இத்தகைய நாற்சந்தி உவமையைத்தான் எடுத்தாண்டார். அவர் காட்டிய வழக்கு, ஓசூர்க்காரர்க்கு எளிதாகப் புரியக்கூடிய தொழிற்சாலை வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியிலே ஆட்குறைப்பு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. 1964க்கு முன் கருப்பினப் பெண்களை அங்கே வேலைக்கு எடுத்ததே இல்லை. ஆகவே வெளியே போனவர்கள் அவர்கள். வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் 1976இல் என்ன சொல்லிற்று? பெண்களை எடுத்திருக்கிறார்களே, எனவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. கருப்பர் என்ற குறையோடு பெண் என்ற குறையையும் சேர்த்துத் தனி வழக்காக்க முடியாது! எடுக்கப்பட்ட பெண்கள் அலுவலக மேசையில் அமர்ந்த வெள்ளைப் பெண்கள். எடுக்கப்பட்ட கருப்பர்கள் பட்டறையிலே நின்ற ஆண்கள். நடுவிலே நின்றவளைச் சட்டத்தின் கண் காணவில்லை.

அமெரிக்காவரை போவானேன்? பக்கத்து அரூர் வட்டத்து வாச்சாத்தி. 1992 சூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஒரு மலைவாழ் மக்கள் சிற்றூருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர். ஆதிக்க சாதியார் தெருவிலே இது நடக்குமா? மலையிலேயும், கைநிறையப் பணமுள்ளவன் வீட்டிலே நடக்குமா? அந்தப் பெண்கள் பெண்கள் என்பதால் மட்டும் அடிபடவில்லை. மலையினத்தார் என்பதால் மட்டும், ஏழைகள் என்பதால் மட்டும் அடிபடவில்லை. மூன்று சாலையிலும் ஒரே நேரத்தில் வண்டி வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011இல். அதற்குள் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது 2023இல். பத்தொன்பது ஆண்டும், அதன்மேல் பன்னிரண்டு ஆண்டும், அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றார்கள். அம்மையாரின் நாவலிலே வரும் வீரப் பெண்கள் நீண்ட சொற்பொழிவு ஆற்றுகிறார்கள் என்று குறை கூறினேன் அல்லவா? வாச்சாத்திப் பெண்கள் சாட்சிக்கூண்டில் நின்று, அடையாள அணிவகுப்பிலே விரல் நீட்டி, சுருக்கமாகப் பேசினார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2022 நவம்பரிலே ஒன்றிய அமைச்சர் ஒருவர் பெருமையோடு அறிவித்தார்: ஓசூர் அருகே எழும் கைப்பேசித் தொழிற்சாலையிலே அறுபதாயிரம் பேர் வேலை செய்வார்கள், அவர்களிலே முதல் ஆறாயிரவர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிச் சகோதரியர். சகோதரியர் என்றார் அமைச்சர். நம் கடைத்தெருவிலே அவர்களுக்கு என்ன பெயர்? 'வடக்கத்திப் பொண்ணுங்க.' அந்தச் சொல்லோடு சேர்த்து வீசப்படும் பார்வையையும் நான் கண்டிருக்கிறேன். அதை வீசியவர்களிலே இனமானம் பற்றி மேடையில் முழங்குபவரும் உண்டு. சந்தால், முண்டா மக்கள் பேசுவது இந்தியா? இல்லை. அவர்களுக்கும் தனி மொழி உண்டு. அதன்மீதும் ஆதிக்கம் உண்டு. இந்தி ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஐம்பத்தைந்து வயதில் நடந்த அம்மையார் இன்று ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றால், அந்தப் பெண்களை ஆதிக்கத்தின் தூதராகப் பார்ப்பாரா, தம்மைப்போல் பிழைப்புக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்ட சிறுமியராகப் பார்ப்பாரா? எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் வேலை கிடைத்ததே, கையிலே பணம் வந்ததே, அது விடுதலை அல்லவா என்பர். ஓரளவு ஆம்! அதனை மறுப்பவன் பெண்ணின் கூலியைக் கண்டு பொறாமைப்படும் ஆண். தன் சம்பளத்திலே தம்பியைப் படிக்கவைக்கும் பெண்ணை நான் அறிவேன். வீட்டில் அவள் சொல்லுக்கு இப்போது மதிப்பு உண்டு. எனினும், தொழிற்சாலை அவளுடைய உழைப்பை மட்டுமா கேட்கிறது? இளமையைக் கேட்கிறது, மணமாகாமையைக் கேட்கிறது. திருப்பெரும்புதூர்க் கைப்பேசித் தொழிற்சாலையிலே பொருத்தும் பணிக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்பட்டனர் என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 சூனிலே செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. வேலைக்கு எடுப்பதிலே ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1976இலேயே உண்டு. மணமானவள், மணமாகாதவள் என்று பிரித்தால் அதற்கு என்ன பெயர்? விரல் வேண்டும், கண் வேண்டும், கருப்பை வேண்டாம்! பணி முடிந்தால் விடுதி. வாயில் அடைபடும் நேரம் உண்டு. வெளியே போக எழுத்தில் அனுமதி. எவருடன் பேசினாள் என்று கண்காணிப்பு. 'பாதுகாப்பு' என்று இதற்குப் பெயர். ஆண்களின் விடுதி வாயில் அத்தனை சீக்கிரம் அடைபடுவதில்லை. ஆபத்தைச் செய்பவன் வெளியே உலவ, ஆபத்துக்கு ஆளாகிறவள் உள்ளே இருக்கவேண்டும் என்பது எந்த ஊர்ப் பகுத்தறிவு?

ஓசூர் மண்ணிலே மற்றொரு தொழிலும் உண்டு. பசுங்குடில்களில் ரோசா வளர்த்து, பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து அனுப்புகிறோம். பிப்ரவரி 14 நெருங்கினால் விலை ஏறும். தாசுமகால் என்ற செந்நிற வகைக்குக் கிராக்கி. காதலர் நாளுக்கு உலகுக்கே மலர் அனுப்பும் ஊர் இது! இதே ஓசூர்ப் பகுதியிலே, 2018 நவம்பரில், சாதி கடந்து மணந்த இளம் இணையர் இருவர் கடத்தப்பட்டு, எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்பட்டு, கன்னட நாட்டு மண்டியா மாவட்டத்தில் காவிரியிலே பிணங்களாக மிதந்தனர். அவன் தாழ்த்தப்பட்டவன். கைது செய்யப்பட்டவர்களிலே அவளைப் பெற்றவனும் ஒருவன். எந்தக் கையால் பெண்ணைத் தூக்கி வளர்த்தானோ! மகளின் உடலிலேதான் சாதி குடியிருக்கிறது, அதன் வாயிற்காவலன் தான்தான் என்று ஒரு தந்தை எண்ணும்வரை, காதல் என்பது அவளுக்குப் பூவன்று. தாசியின் உடல் ஊருக்குச் சொத்து, குடும்பப் பெண்ணின் உடல் சாதிக்குச் சொத்து. அவளுக்கே அது சொத்தான நாள் எந்நாள் என்று, நாவலை மூடிவைத்தபின் நான் கேட்டுக்கொண்டேன்.

இங்கேதான் அம்மையாரோடு எனக்குள்ள இரண்டாவது வழக்கு. பொட்டு அறுந்த பெண்ணுக்கு என்ன வழி? நாவலின் விடை: திருமணம். சுயமரியாதைத் திருமணம்தான், புரோகிதன் இல்லாத, ஒப்பந்தமான திருமணம்தான். ஆயினும் திருமணமே. கோயிலிலிருந்து புறப்பட்டவள் ஒரு வீட்டைச் சேர்ந்தாக வேண்டும். 1936இலே அது பெரும் புரட்சி. உன்னை எவன் மணப்பான் என்று ஏளனம் செய்த ஊருக்கு முன் தாலி என்பதே ஒரு போர்க்கருவி. அதனை இன்றைய அளவுகோலால் அளந்து பழிப்பது நேர்மையன்று. ஆனால் அரசும் நெடுங்காலம் அவரை அந்த விடையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. 1989இல் அவர் பெயரால் கலைஞர் தொடங்கியது திருமண உதவித் திட்டம். மணமகள் எட்டாம் வகுப்புவரை படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதிலே இருந்தது. பெண்ணை வகுப்பறையில் சில ஆண்டு கூடுதலாக இருத்திய நல்ல தந்திரம் அது. 2022இல் அதே பெயர் கல்லூரிப் படிப்புக்கு மாறியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு, பட்டம் பெறும்வரை திங்களுக்கு ஆயிரம். தாலித் தங்கத்திலிருந்து புத்தகத்துக்கு! அம்மையாரின் நாவலை எந்தத் திறனாய்வாளரும் திருத்தாத இடத்திலே ஓர் அரசாணை திருத்தியிருக்கிறது என்பேன்.

திருத்தம் எங்கள் மலைக்கு ஏறிற்றா? 2025 மார்ச்சிலே, அஞ்செட்டி மலைச் சிற்றூர் ஒன்றின் பதினான்கு வயதுச் சிறுமி. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தவள். பெங்களூருக்கு அழைத்துச் சென்று, அவளைவிட இருமடங்கு வயதான கூலித் தொழிலாளி ஒருவனுக்கு மணம் முடித்தார்கள். ஊர் திரும்பியவள், போகமாட்டேன் என்று மறுத்தாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவள் கதறினாள், அந்தக் காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் ஓடிற்று. பெற்ற தாய் உட்படக் கைதானார்கள். படித்தவர்கள் அந்தத் தாயை அரக்கி என்றார்கள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. பத்து ரூபாய், பழம் புடவை, ஐந்து வயதுச் சிறுமி என்ற மூன்றும் நினைவுக்கு வந்தன. அந்த மலையூர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளி எத்தனை தொலைவு, பேருந்து எத்தனை வேளை, வயதுக்கு வந்த பெண்ணைக் காட்டுவழியே அனுப்பிவிட்டுக் கூலிக்குப் போகும் தாயின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை, வலை என்று பேசுகிற நாம் கணக்கிலே சேர்க்க வேண்டாமா? தூக்கிச் சென்றவன் குற்றவாளி, ஐயமில்லை. பள்ளியைத் தூரத்தில் வைத்தவன் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வரவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியர்கள் நாங்கள் இடைநின்ற பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகிறோம். சென்ற ஆண்டு நான் போன வீடொன்றில், எட்டாம் வகுப்போடு நின்ற பெண் கதவுக்குப் பின்னால் நின்றாள். படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாள் என்று பாட்டி என்னைக் கேட்டாள். அம்மையாரின் திட்டத்தைச் சொன்னேன். ஆயிரம் ரூபாய் என்றேன். "அது காலேசுக்குப் போனாத்தானே?" என்றாள் பாட்டி. சரியான கேள்வி. ஒன்பதாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ள நான்கு ஆண்டுகளுக்கு என்னிடம் விடை இல்லை.

நூலைத் தேடி ஒரு படி வாங்கிவிட்டேன். அட்டை போட்டு, படிப்பகத்தில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு முதல், வாரம் இரண்டு அத்தியாயமாக உரக்கப் படிப்பதென்று முடிவு. தோழர்கள் ஐவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; சொற்பொழிவுகளைத் தாண்டிவிடலாமே என்றார் ஒருவர், கூடாது என்றேன். விடுதிப் பெண்கள் மூவர் வர இசைந்திருக்கிறார்கள். இருவர் ஊத்தங்கரைப் பக்கம். ஒருத்தி ராஞ்சியிலிருந்து வந்தவள், ஓராண்டிலே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள், எழுத்து மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால் புரியும் என்றாள். விடுதி வாயில் ஆறு மணிக்கு அடைபடுமாம். ஆகவே கூட்டத்தை ஐந்தரைக்கு என்பதை மாற்றி, மூன்றரைக்கே தொடங்குகிறோம்.